கொடுமணல் ஒருநாள் வழிகாட்டிப் பயணம்: என் மதிப்புரை

ஈரோட்டிலிருந்து நொய்யல் ஆற்றின் வடகரையிலுள்ள பழங்காலத் தொல்லியல் களமான கொடுமணலுக்கு அழைத்துச் சென்ற இந்தப் பயணம், கொடுத்த காசுக்குக் குறைவில்லாதது. வட்டமாக அடுக்கிய கற்களான கல்வட்டத்தின் நடுவே, பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்லறையான கற்பதுக்கையின் பலகைக் கல்லில் குடைந்த வட்டமான துளையை (இடுதுளை) சுட்டிக்காட்டிய வழிகாட்டி, இறந்த ஒருவருக்காக இத்தனை பெரிய கற்களை நகர்த்த ஊரே கூடியிருக்க வேண்டும் என்று விளக்கியபோது, எங்கள் பக்கத்து எழவு வீடுகளில் சனம் திரண்டு நிற்பது நினைவுக்கு வந்து நெகிழ்ந்துபோனேன். இங்கே ஒரே ஈமச்சின்னத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்திருப்பது, தொலைதூர வணிகத்தையும், எல்லோருக்கும் கிட்டாத செல்வம் சிலரிடம் சேர்ந்திருந்ததையும் ஒருசேரக் காட்டுகிறது. இரும்பு உருக்கிய உலைகளைப் பற்றிய பகுதியை அவசரமாக முடித்ததுதான் பெருங்குறை. நிழல் அரிது, தண்ணீர் கொண்டுசெல்லுங்கள்.