சீஸில் குறையில்லை, சுற்றித் தரும் பிளாஸ்டிக்கில்தான்

ஸ்பெஷல் சீஸைத் தேடித் தேடி வாங்குவது அந்தக் காசுக்குத் தகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், இல்லை என்று உடனே சொல்லிவிட முடியவில்லை. சீஸைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. அதைத் துண்டு போட்டு, கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மூச்சுமுட்டச் சுற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கிறார்களே, அதைத்தான் இத்தனை நாளாகியும் மன்னிக்க முடியவில்லை.

பிரீ என்ற மெத்தென்ற பிரெஞ்சு சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெள்ளைத் தோல் பெனிசிலியம் கேமம்பெர்ட்டி என்ற பூசணம், உயிரோடு இருப்பது. அதுதான் புரதத்தை உடைத்து வெளியிலிருந்து உள்நோக்கிச் சீஸைப் பழுக்க வைக்கிறது. அப்படி உடையும்போது அம்மோனியா வரும். காற்றாடினால் அது பாட்டுக்குப் போய்விடும். இறுக்கிச் சுற்றிவிட்டால் போக வழியில்லாமல் சீஸிலேயே ஊறும். தோல் வியர்த்துப் பிசுபிசுக்கும். பிரித்ததும் கழிவறை சுத்தம் செய்யும் திரவம் போல நெடி மூக்கில் ஏறும். அப்போதே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் திறந்து வையுங்கள். நெடி அடங்கினால் சீஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அடங்காமல், நாக்கில் வைத்ததும் சுரீரென்று எரிந்தால் அது பழுத்து முடிந்துபோன சீஸ்.

இன்னொன்று வெட்டிய முகம். கொழுப்பு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் வாடையையும் சேர்த்து. கெட்டிச் சீஸாக இருந்தால் கத்தியை நிமிர்த்திப் பிடித்து, வெட்டிய பக்கத்தைக் காகித கனத்துக்குச் சுரண்டி எடுங்கள். சுரண்டியதைத் தனியாகவும், அடியில் இருப்பதைத் தனியாகவும் வாயில் போட்டுப் பாருங்கள். முதலாவது மழுங்கலாக, பழைய எண்ணெய் போல இருக்கும். இரண்டாவதில்தான் சீஸ் தெரியும். நல்ல கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுவார். சீஸ் தெரிந்த கடை எது என்று கண்டுபிடிக்க எனக்கு இந்த ஒரு அடையாளம் போதும்.

நியாயமாகவும் பேச வேண்டும். வெட்டிய முகத்தைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்து வெடித்துவிடும், வாங்க வருபவருக்கும் உள்ளே இருப்பது தெரிய வேண்டும். கடைக்காரர் பக்கமும் காரணம் இருக்கிறது. முதிர்ந்த கெட்டிச் சீஸ் நாலைந்து நாள் பிளாஸ்டிக்கைத் தாங்கும், காற்று நீக்கிய பாக்கெட்டில் வாரக்கணக்கில் நிற்கும். இதெல்லாம் சரிதான். அதற்காகப் பிரீக்கும் அதே சுற்றா?

அதைவிட மோசம், பழுக்காத பிரீயை வெட்டி விற்பது. துண்டின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது காய். வெட்டிய பிறகு அது ஒழுங்காகப் பழுக்காது, வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் ஓரம் வழியும், நடு அப்படியே நிற்கும். பிரீ போன்றதே ஆன சிறிய கேமம்பேர் சீஸை முழுதாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. சுமார் 250 கிராம் வட்டு, காகிதம் சுற்றி மெல்லிய மரப்பெட்டியில் வரும். நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் ஓரத்தைப் போலவே நடுவும் அமுங்க வேண்டும். ஆனால் ஒருவர் மட்டும் உண்ணும் வீட்டுக்கு அது அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பிளாஸ்டிக்கைக் கழற்றுவது. சீஸுக்கென்றே வரும் இரண்டடுக்குத் தாள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பட்டர் பேப்பர். ஆனால் பட்டர் பேப்பரை மட்டும் நம்பினால் ஃப்ரிட்ஜின் வறண்ட காற்றில் இரண்டே நாளில் ஓரம் கொம்பு போல இறுகிவிடும். தாளில் சுற்றி, மூடியை லேசாகத் திறந்த டப்பாவில் போட்டு, காய்கறி டிரேயில் வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். நீலப் பூசணம் ஓடும் நீலச் சீஸுக்கு மட்டும் அலுமினியத் தாள், அதுவும் தனி டப்பாவில். இல்லையென்றால் அதன் பூசணம் பக்கத்துச் சீஸிலும் பூக்கும். ஃப்ரீஸர் வேண்டாம், பனித்துகள் உள்கட்டைக் கிழித்து உதிரியாக்கிவிடும்.

உண்பதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், வெக்கையான நாளில் 20 நிமிடம் போதும். தேவையான அளவை மட்டும் வெட்டி, தாளோடு வெளியே வையுங்கள். கெட்டிச் சீஸில் வேண்டாத பூசணம் வந்தால் சுற்றிலும் ஆழத்திலும் 2.5 செ.மீ. விட்டு வெட்டி எறியலாம், கத்தி பூசணத்தில் படக் கூடாது. ரிக்கோட்டா மாதிரி மெத்தென்ற புதுச் சீஸில் வந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். கர்ப்பிணிகள் பிரீ வகையையும் நீலச் சீஸையும் தவிர்க்க வேண்டும், லிஸ்டீரியா கிருமிக்கு அவை தோதான இடம்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷத்தையும் சொல்லியாக வேண்டும்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியக் கெட்டிச் சீஸின் தோல். பால், உப்பு, பாலை உறைய வைக்கும் ரென்னெட் என மூன்றே பொருளில் செய்து, குறைந்தது 12 மாதம் முதிர வைத்த சீஸ் அது. தோலில் அதன் பெயர் புள்ளி எழுத்தாகப் பதிந்திருக்கும், துண்டு வாங்கினாலும் அந்தப் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள். உள்ளே நறநறக்கும் வெள்ளைத் துகளைப் பலர் உப்பென்று நினைக்கிறார்கள். அது டைரோசின் என்ற அமினோ அமிலம், நன்றாக முதிர்ந்ததற்குச் சாட்சி. சீஸ் தீர்ந்த பின் தோலைச் சுரண்டிக் கழுவி, சூப்பில் போட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் சிறுதீயில் விடுங்கள். தோல் பஞ்சு போல இளகும், எந்தத் தூளும் தராத ஆழம் சூப்பில் இறங்கும். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில் செய்வது என்பதால் கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. எந்தச் சீஸையும் துருவி விற்பதாக வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்கப் பலவற்றில் சேர்க்கும் மாவும் செல்லுலோஸும் சீஸை வழவழப்பாக உருக விடாது.

சரி, நண்பருக்குப் பதில். ருசியில் எனக்குப் பிரீதான் முதல், பதமாகப் பழுத்த துண்டுக்கு ஈடாக எந்தக் கெட்டிச் சீஸையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்கள் பிரீ வாங்காதீர்கள். பத்துத் துண்டு வாங்கினால் எத்தனை அந்தப் பதத்தில் வந்து சேரும் என்று யோசித்தாலே கோபம்தான் வருகிறது. உங்கள் கண்முன் முழு வட்டிலிருந்து வெட்டித் தரும் கடையாகப் பார்த்து, கெட்டிச் சீஸ் 150 கிராம், தோலோடு, காகிதத்தில் சுற்றி வாங்கி வாருங்கள்.