மருந்தைச் சுமக்க எது: எக்சோசோமா, கொழுப்பு நானோதுகளா?

இன்றைக்கு ஒரு நோயாளிக்கு ஆர்என்ஏ மருந்து தர வேண்டுமென்றால் என் ஓட்டு கொழுப்பு நானோதுகளுக்குத்தான், அதாவது மருந்தை உள்ளே பொதிந்து செல்களுக்குள் கொண்டுபோகும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்கு. 2018-இல் பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கான பாட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்து, 2020-இல் ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகள் என்று மனிதர்களிடமே வேலை செய்து காட்டிவிட்டது. ஆலையில் கோடிக்கணக்கில் தயாரிக்கவும் முடியும். ஆனால் ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலுக்கே போய்விடுகிறது. பாட்டிசிரானுக்கு அது வசதி; அது தடுக்க வேண்டிய புரதம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. மூளைக்கு மருந்து அனுப்ப நினைத்தால் அதுவே முட்டுக்கட்டை.

எக்சோசோம் விஷயம் வேறு. நம் செல்களே வெளியே விடும், சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள பைகள் அவை. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூ வுட் குழு, நரம்புச் செல்களைத் தேடிப் போகும் புரதத் துண்டு ஒன்றை அவற்றின் மேல் பொருத்தி எலிகளின் ரத்தத்தில் செலுத்தியது. உள்ளே வைத்த ஆர்என்ஏ மூளைக்குள் போய், அல்சைமரோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை அடக்கியது. எனக்கு இன்னமும் வியப்பூட்டும் சோதனை இது.

சரி, தடங்கல் எங்கே? பிரித்தெடுப்பதில்தான். அதிவேக சென்ட்ரிஃபியூஜில் மணிக்கணக்கில் சுற்றினாலும் அதே அளவுள்ள வேறு துகள்களும் கூடவே வந்துவிடும். ஒரு தொகுப்பு போல இன்னொன்று அமையாது.

நோயறிதலில் மட்டும் எக்சோசோமுக்கு இந்தப் போட்டியே இல்லை. சிறுநீரிலுள்ள எக்சோசோம் ஆர்என்ஏவைப் பார்த்து, பிராஸ்டேட் பயாப்சி தேவையா என்று தீர்மானிக்க உதவும் பரிசோதனை அமெரிக்காவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.