400 டாலருக்கு ஒரு மடக்குக் கத்தி: செபென்சாவும் அதன் போட்டிக் கத்திகளும்

கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா 31 மடக்குக் கத்தியைப் பிரிக்க, பெட்டியோடு வரும் ஆலன் சாவியே போதும். திருகுகளைக் கழற்றியதும் இரண்டு டைட்டானியம் பலகைகள், ஓர் அலகு, துளைகள் போட்ட இரண்டு பாஸ்பர் வெண்கல வாஷர்கள், கீலின் நடுவே உட்காரும் ஒரு சிறு உலோகக் குழாய், அதாவது புஷ் என்று எல்லாம் மேசையில் வந்து கிடக்கும். இதற்கு ஏன் 400 டாலருக்கு மேல் கேட்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் புஷ்ஷில் இருக்கிறது.

வழக்கமான மடக்குக் கத்தியில் கீல் திருகை இறுக்கினால் அலகு திறக்க மறுக்கும், தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து, திருகில் பசை தடவி நிறுத்தி வைக்கிறோம். சில மாதங்களில் அது மறுபடி தளரும். செபென்சாவில் அந்தப் புஷ்ஷின் நீளம், அலகும் இரண்டு வாஷர்களும் சேர்ந்த தடிமனைவிட மயிரிழைதான் கூடுதல். திருகை முழுக்க முடுக்கினாலும் பலகைகள் புஷ்ஷின் மேல்தான் போய் உட்காரும், அலகை நசுக்காது. ஆட்டமும் இருக்காது, இறுக்கமும் இருக்காது. சொல்வது சுலபம். அந்த மயிரிழையை ஒவ்வொரு கத்தியிலும் தவறாமல் கொண்டுவருவதற்குத்தான் காசு.

கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யத் தொடங்கி, 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள பாய்சி நகருக்குக் குடிபெயர்ந்தவர். செபென்சா என்பது ஜூலு மொழியில் வேலையைக் குறிக்கும் சொல். 1990களின் தொடக்கத்தில் இந்தக் கத்தி வந்தபோது அதன் பூட்டுமுறை புதிது. கைப்பிடிப் பலகையிலேயே ஒரு பட்டையை அறுத்துவிட்டு, அலகு திறந்ததும் அந்தப் பட்டையே உள்ளே சாய்ந்து அலகின் அடியை முட்டுக் கொடுக்கும்படி செய்தார். இன்று உலகெங்கும் பிரேம் லாக் என்று அழைக்கப்படுவது அதைத்தான்.

இதற்கு எதிரே நிறுத்த இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று பெஞ்ச்மேட் 940, வாரன் ஆஸ்போர்ன் வடிவமைத்து 2000-இல் வந்தது. மற்றது ஸ்பைடர்கோவின் பாராமிலிட்டரி 2, 2010-இல் வந்தது. முதலாவது ஆரிகன் மாநிலத்தில் தயாராவது, இரண்டாவது கொலராடோவில். இரண்டும் 200 டாலரை ஒட்டியவை, அதாவது செபென்சாவின் விலையில் ஏறக்குறையப் பாதி. செபென்சாவை வாங்கலாமா என்று யோசிப்பவர் பெரும்பாலும் இவற்றில் ஒன்றை ஏற்கெனவே சட்டைப்பையில் வைத்திருப்பவர்தான்.

பூட்டிலிருந்து தொடங்குவோம். என் ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. மலிவான ஒரு மடக்குக் கத்தியால் தென்னங்கயிறு அறுத்துக்கொண்டிருந்தபோது அதன் பூட்டு வழுக்கி, அலகு விரல்மேல் மடங்கிய நாளின் மிச்சம் அது. அதற்குப் பிறகு எந்தக் கத்தியைக் கையில் எடுத்தாலும் முதலில் பூட்டைத்தான் பார்க்கிறேன்.

செபென்சாவின் பிரேம் லாக்கில் ஓர் அழகு உண்டு. கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ, நம் விரல்களே பூட்டுப்பட்டையை அவ்வளவு உள்ளே தள்ளுகின்றன. 2019 இறுதியில் வந்த 31-இல் பட்டையின் முனையில் ஒரு பீங்கான் குண்டைப் பதித்திருக்கிறார்கள். எஃகைவிட அது பலமடங்கு கடினம். டைட்டானியமும் எஃகும் நேராக உரசினால் வரும் தேய்மானமும், ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் தொல்லையும் இதில் இல்லை. ஆனால் இதே பூட்டில்தான் இந்தக் கத்தியின் பெரிய இடைஞ்சலும் இருக்கிறது. திறக்கும் நேரத்தில் விரல் தெரியாமல் பட்டையை அழுத்திவிட்டால், அலகு இடத்தைவிட்டு நகராது. புதிதாக வாங்கியவர்கள் பலர் கத்தியே இறுக்கம் என்று நினைப்பது இதனால்தான். விரலை எங்கே வைப்பது என்று கை பழக இரண்டு வாரம் பிடிக்கும். மூடும்போது கட்டைவிரல் அலகு வரும் வழியில் நிற்கிறது, அதையும் விலக்கப் பழக வேண்டும். இடதுகைக்காரர்கள் தனியாக இடதுகைக் கத்தியே வாங்க வேண்டும்.

பாராமிலிட்டரி 2-இன் கம்ப்ரஷன் லாக் இந்தத் தொல்லைகளை நேர்த்தியாகக் கடந்துவிடுகிறது. பூட்டுப்பட்டை கைப்பிடியின் முதுகுப்பக்கம் இருக்கிறது. அலகு திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடிக்கும் தடுப்பு ஊசிக்கும் நடுவே ஆப்புபோல நுழைகிறது. அலகு மடங்க வேண்டுமென்றால் அந்த ஆப்பே நசுங்க வேண்டும். மூடும்போது எந்த விரலும் அலகின் பாதையில் இல்லை. கம்பெனி பெயரையெல்லாம் மறைத்துவிட்டு, பூட்டை மட்டும் வைத்து ஒரு கத்தியைத் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

940-இன் ஆக்ஸிஸ் லாக் வேறு வகை. கைப்பிடிக்குக் குறுக்கே ஓடும் ஒரு எஃகுத் தண்டை இரண்டு மெல்லிய கம்பிச் சுருள்கள் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்டைப் பின்னால் இழுத்தால் அலகு தானாகத் தொங்கிவிடும். எந்தக் கைக்கும் ஒரேபோல வசதி. கையுறை போட்ட கைக்கும் எளிது. குறை அந்தக் கம்பிச் சுருள்களில் இருக்கிறது. நாளடைவில் அவை ஒடியலாம். ஒன்று ஒடிந்தாலும் மற்றது தாங்கும் என்பதால் ஆபத்து குறைவு, ஆனாலும் கத்தியைச் சரிசெய்ய அனுப்பத்தான் வேண்டும். இந்தப் பூட்டின் காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பெனிகள் இதே முறையைக் கையாள்வதால், மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் இதே வசதி கிடைக்கிறது. 940-க்கு இது சங்கடம்தான்.

இனி வெட்டுவதைப் பார்ப்போம். விலைக்கும் வெட்டுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மெல்லியது. நன்றாக வெட்ட வேண்டுமென்றால் கூருக்குப் பின்னால் அலகு மெலிந்திருக்க வேண்டும், எஃகுக்குத் தோய்ச்சல் சரியாக விழுந்திருக்க வேண்டும். பாராமிலிட்டரி 2-இன் அலகு முதுகில் ஏறக்குறைய 3.7 மி.மீ. தடிமன். முதுகிலிருந்து கூர்வரை ஒரே சரிவாக இறங்குவதால் அட்டைப்பெட்டி, கயிறு, தோல் எல்லாம் சீராக அறுபடும். முனை ஊசிபோல இருக்கும், நெம்புகோலாக்கினால் போய்விடும். 940-இன் அலகு மூன்றிலும் மெல்லியது, 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. முதுகு முனையருகில் சரிந்து இறங்குவதால் முனை வலுவாகவும் இருக்கிறது. கத்தியின் எடை 82 கிராம்தான். பச்சை அலுமினியக் கைப்பிடியும் நடுவே ஊதா நிற உருளையும் சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். செபென்சாவின் அலகு இருபுறமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டது. கூரருகே மெலிந்து, சீவுவதற்கும் நறுக்குவதற்கும் அருமை. ஆனால் ஆப்பிள்போல கெட்டியான ஒன்றில் ஆழமாக இறக்கினால், குழிவு முடிந்து தடிமன் தொடங்கும் இடத்தில் அலகு முட்டிக்கொள்ளும்.

எஃகில் இந்த நிறுவனத்துக்குத் தனி வரலாறு உண்டு. குரூசிபிள் எஃகாலை 2001-இல் கொண்டுவந்த எஸ்30வி, பிறகு 2009-இல் வந்த எஸ்35விஎன் இரண்டின் உருவாக்கத்திலும் கிறிஸ் ரீவின் ஆலோசனை இருந்தது. எஸ்30வியில் 4 சதவீதம் வனேடியம். அந்த வனேடியம் கரியோடு சேர்ந்து உருவாகும் கார்பைடு துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை, வைரத்தூள் பதித்த கல்தான் அவற்றை முறையாகத் தேய்க்கும். ஆனால் நல்ல எஃகை எடுத்து, அதன் கடினத்தைச் சற்றுக் குறைவாகவே வைக்கிறார்கள் என்ற குறை செபென்சாமேல் நெடுங்காலம் இருந்தது. கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தீட்டுவது எளிது, முனை சில்லாகப் பெயராது என்பது அவர்கள் பக்க நியாயம். 400 டாலர் கொடுத்தவருக்கு அந்த நியாயம் போதவில்லை. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வந்த மேக்னாகட் எஃகுக்கு மாறிய பிறகு இந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. துருவும் எளிதில் அண்டாது, கூரும் நிற்கும். பழைய செபென்சா மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்வதற்கு முன் எந்த எஃகு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நாலாவதாக ஒரு கத்தி குறுக்கே வந்தே தீரும். பிரான்சின் சவோயில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் உருவாக்கிய ஓப்பினெல். அதன் 8ஆம் எண் கத்திக்கு பீச் மரப் பிடி, 8.5 செ.மீ. அலகு, சுமார் 45 கிராம் எடை. 1955-இல் சேர்த்த ஒரு சுழல் வளையம்தான் பூட்டு. விலை 20 டாலரை ஒட்டித்தான். அலகு 2 மி.மீ.கூடத் தடிமன் இல்லாததால், பழமும் ரொட்டியும் வெட்டுவதில் மேலே சொன்ன மூன்றையும் இது தோற்கடிக்கும். கார்பன் எஃகு அலகை எடுத்தால் மாங்காய் நறுக்கியதும் கறுக்கும். அரிவாள்மனையில் வாழைப்பூ அரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறை புதிதல்ல. துடைத்து எண்ணெய் பூசினால் போதும். ஈரத்தில் மரம் ஊதி, அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கும். ஒற்றைக் கையால் திறக்கவும் முடியாது.

அப்படியானால் செபென்சா யாருக்கு? கத்தியைப் பிரித்து, துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டுவதில் சுகம் காண்பவருக்கு. மற்ற இரண்டையும் பிரித்துப் பூட்டலாம்தான். ஆனால் பூட்டிய பிறகு அலகை நடுவில் நிறுத்த, திருகைக் கால் சுற்று அரைச் சுற்று என்று திருகி மல்லாட வேண்டும். செபென்சாவை எத்தனை முறை பிரித்தாலும், முடுக்கியதும் அலகு நடுவில் வந்து நிற்கிறது. மணல், மீன்செதில், பலாப்பால் என்று எது உள்ளே புகுந்தாலும் பத்து நிமிட வேலை. வருடக்கணக்கில் உழைத்த கத்தியைப் பாய்சிக்கே அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளவும் வழி உண்டு. வாங்குவதென்றால் சின்ன அளவைப் பாருங்கள். பெரியதன் எடை 130 கிராமைத் தாண்டும். வேட்டி மடிப்பிலோ மெல்லிய சட்டைப்பையிலோ அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

தினமும் பெட்டி பிரிப்பவர், கயிறு அறுப்பவர் என்றால் பாராமிலிட்டரி 2. பையில் மாட்டும் அதன் கிளிப்பை நான்கு இடங்களில் மாற்றிப் பொருத்தலாம், ஆனால் மடித்தாலும் அகலமாக இருப்பதால் பையில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். இடதுகைக்காரர் என்றாலும், அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் உறுத்தாமல் கூட வரவேண்டுமென்றாலும் 940. மூன்றுமே இல்லாதவர் முதலில் ஓர் ஓப்பினெல் வாங்கி, ஆறு மாதம் பழம் நறுக்கி, கல்லில் தீட்டிக் கை பழகட்டும். அதைத் தீட்டுவதிலும் துடைப்பதிலும் மனம் ஒன்றினால், அப்போது சின்ன செபென்சாவுக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.