கர்ப்பமா என்று பார்க்க: சிறுநீர் கிட்டா, பீட்டா ஹெச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையா?

28 நாளில் மாதவிலக்கு வருபவருக்கு 'நாள் தள்ளிப்போச்சு' என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. 40, 55 என்று மாறிமாறி வருபவருக்கு அது கிடையாது. நடுவில் லேசாக ரத்தம் பட்டால் குழப்பம் வேறு. இவர்கள் கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவுகொண்ட நாளிலிருந்து 21 நாள் எண்ணி, அதன்பின் சோதித்துப் பார்ப்பதே சரி.

கிட் மலிவு, 5 நிமிட வேலை. காலையின் முதல் சிறுநீரை, அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு (பெரும்பாலும் 2, 3 சொட்டு) குழியில் விடுங்கள். 'சி' கோடு வராவிட்டால் அந்த கிட் செல்லாது, வேறு வாங்குங்கள். 'டி' கோடு மங்கலாக வந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 10 நிமிடம் கழித்துத் தெரியும் சாம்பல் நிறக் கோடு வெறும் காய்ந்த தடம். சீக்கிரமே சோதிப்பதும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதிப்பதும் 'இல்லை' என்று ஏமாற்றும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இந்த ஹார்மோன் இன்னும் குறைந்த அளவில் இருந்தாலும் ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்துவிடும். அதைவிட முக்கியம், விடை எண்ணாக வருவது. 48 மணி நேரத்தில் அந்த எண் போதிய அளவு ஏறவில்லை என்றால் கரு கலைகிறதோ, கருக்குழாயில் தங்கிவிட்டதோ என்று மருத்துவர் ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பார். கிட்டால் இது முடியாது.

எங்கள் கணக்கில் முதலில் கிட் போதும். கிட்டில் கர்ப்பம் என்று காட்டியும் ரத்தம் பட்டால் ரத்தப் பரிசோதனை. கூடவே ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனி வலி, மயக்கம் இருந்தால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.