மழையையும் விடாமல் பதிந்த ஆல்பம்

பேண்ட் என்றால் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், அவியல், தைக்குடம் பிரிட்ஜ் என்று ஆரம்பித்துவிடுவார்கள், எங்கள் செங்கோட்டையில் இன்னமும் கல்யாண ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்தான். அதனால் பிக் தீஃப் என்ற அமெரிக்க பேண்டை எனக்குக் காட்டியதும் புனலூர்க்கார நண்பர்தான். அந்த பேண்டின் பாடகி ஏட்ரியன் லென்கர் 2020-இல் தனியாகப் போட்ட 'சாங்ஸ்' ஆல்பத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2019-இல் மட்டும் இரண்டு ஆல்பம் போட்ட பேண்ட் அது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து சுற்றுப்பயணம் பாதியில் நின்றுவிட, காதலும் முறிந்திருந்த நேரத்தில், லென்கர் மாசசூசெட்ஸில் ஒரே அறை உள்ள மரவீடு ஒன்றுக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவாளர் பில் வைன்ரோப் டேப் மெஷினோடு வந்து சேர்ந்தார். மொத்தம் 11 பாட்டு, அதில் 9 அங்கேயே எழுதியவை.

டிரம்ஸ், பேஸ் எதுவும் கிடையாது, குரலும் கிடாரும்தான். ஆனால் ஏனோதானோ என்று பதிந்ததில்லை. கம்பியில் விரல் வழுக்கும் கீச்சுச் சத்தம் வரை அப்படியே விட்டிருக்கிறார்கள், 'ஸோம்பி கேர்ள்' பாட்டில் வெளியே பறவைகள் கத்துகின்றன, 'கம்' பாட்டில் மழை பெய்கிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும்போது ஓட்டு வீட்டில் இதைப் போட்டால் எது நம்ம சாரல், எது அவங்க ஊர் மழை என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. சுத்தம் செய்கிறேன் என்று யாராவது இந்தச் சத்தங்களை எடுத்திருந்தால் ஆல்பத்தில் பாதி போயிருக்கும்.

எனக்குப் பிடித்தது 'எனிதிங்'. பிரிவைப் பாடுகிறேன் என்று ஒப்பாரி வைக்காமல், வாயில் மாம்பழச் சாறு வழிவது, நாய் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று சின்னச் சின்ன விஷயங்களாக அடுக்கிக்கொண்டே போகிறார், மெட்டு வேறு துள்ளலாக இருக்கிறது, அதனாலேயே கூடுதலாக வலிக்கிறது.

குறையும் உண்டு. நடுவில் ஒன்றிரண்டு பாட்டுகள் ஒரே வேகத்தில் போவதால் எது முடிந்தது, எது தொடங்கியது என்றே தெரியவில்லை. வார்த்தைகளும் சில இடங்களில் புரியாது, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் உண்டு.

கூடவே வந்த 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்' ஆல்பத்தில் பாட்டு கிடையாது, வெறும் இசையாக இரண்டே நீளமான துண்டுகள். முதலாவது, பதிவு நாட்களில் காலையும் இரவும் கிடாரில் தோன்றியபடி வாசித்ததை ஒட்டித் தைத்தது, அருமை. இரண்டாவதில் பெரும்பாலும் காற்றுமணி, அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு இல்லை.

அப்புறம், தென்காசி பஸ்ஸில் கேட்டுப் பார்க்காதீர்கள், ஏர் ஹார்ன்தான் ஜெயிக்கும். ராத்திரி, நல்ல ஹெட்போனில், 'எனிதிங்'கிலிருந்து ஆரம்பியுங்கள்.