பழைய பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு வாங்குவோர் கவனத்துக்கு

காலபோக நெல் பால்பிடிக்கும் நேரம் வந்தால் பன்றிக் காவலுக்குத் துவக்கு தேடுவோர் வன்னியில் கூடிவிடுவார்கள். அந்த அவசரத்தைப் பார்த்துத்தான் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் தலையில் பழைய ஒற்றைக்குழல் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். வெளியே பளபளவென்று புதுக் கறுப்பு மெருகு, குழலுக்குள் தடிப்பாய்க் கிறீஸ். "பன்னிரண்டு போர்தானே, எந்தத் தோட்டாவும் போகும்" என்று உறுதி வேறு. நாலாவது வெடியோடு வெற்றுக்கோது இறுகிவிட்டது. குழலைத் தடவினால் தோட்டா அறை முடியும் இடத்தில் வீக்கம். விற்றவர் காசு திருப்பித் தர மறுத்துவிட்டார்.

தோட்டா உள்ளே போகும் என்பது உண்மை. ஆபத்தே அதில்தான். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றின் அறை 2½ அங்குலம், ஏறக்குறைய 65 மி.மீ. இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மி.மீ. அந்த அளவு வெடித்து வாய் விரிந்த கோதின் நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 60 மி.மீ. கூட இராது, சிக்கலில்லாமல் நுழையும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் பகுதிக்குள் நெருக்குகிறது, அமுக்கம் எகிறுகிறது. துரு தின்று மெலிந்த குழல் அதைத் தாங்காது. குழலின் அடிப்பக்கம், மூடும் முனைக்குக் கிட்ட, 2½ அல்லது 65 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் 70 மி.மீ. தோட்டா அதற்கு ஆகாது. முத்திரையே இல்லை என்றால் கேஜ் (அளவுகருவி) வைத்து அறையை அளக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். குழலின் வெளிப்புறத்தில் முறுக்குக் கோடுகள் தெரிந்தால் டமாஸ்கஸ் வகை, இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழல். இன்றைய தோட்டாவுக்கு அதை எண்ணவே வேண்டாம்.

பார்க்கும்போது, முதலில் உள்ளே தோட்டா இல்லாத வெறுந்துவக்கு என்று இரண்டு தரம் உறுதி செய்யுங்கள். பிறகு கிறீஸைக் காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே குழலுக்குள் பாருங்கள். வளையமாய் ஒரு நிழல் விழுந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. குழலில் குளவி மண்கூடு அடைத்திருக்கக் கவனியாமல் சுட்டாலும் இப்படித்தான் வீங்கும். குழலுக்குக் கீழேயுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துவக்கை மூடிக் குலுக்குங்கள். சத்தம் கேட்டாலோ, மூடிய இடுக்கால் வெளிச்சம் தெரிந்தாலோ பூட்டுத் தேய்ந்துவிட்டது. குதிரையை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை) முழுக்க இழுத்து வைத்து, விசையைத் தொடாமல் பெருவிரலால் முன்னே அழுத்துங்கள். நழுவி விழுந்தால் வரம்பில் கால் இடறினாலே வெடிக்கக்கூடிய துவக்கு அது. பிடி மெலிந்த இடத்தில் வார்னிஷ் மட்டும் புதிதாய் இருந்தால் அடியில் ஒட்டிய வெடிப்பு இருக்கும், நகத்தால் கீறிப் பாருங்கள்.

கடைசியாக அனுமதிப் பத்திரம். இலங்கையின் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி ஆளுக்கும் அந்தத் துவக்குக்கும் சேர்த்துத்தான்; ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். "பிறகு பெயர் மாற்றலாம்" என்றால் நம்பாதீர்கள். பத்திரத்திலுள்ள இலக்கத்தை இரும்பில் பொறித்த இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அரம் தேய்த்த அடையாளம் தெரிந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் பெயரில் அனுமதி கைக்கு வரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம்.