பழைய ஜிம்னியும் பஞ்சாகிப் போன பிரேக் பெடலும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு பதிவான மூன்றாம் தலைமுறை சுசுகி ஜிம்னியை நான் 2016இல் வாங்கினேன். 2020இல் வாகன உரிமைச் சான்றிதழ் (இங்கே வண்டி வைத்திருக்கத் தேவையான, காலவரம்புள்ள சிஓஇ) முடியவிருந்தபோது, 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதன்பின் மீண்டும் நீட்டிக்க முடியாது என்பதால் 10 ஆண்டுக்கே புதுப்பித்தேன். வண்டிக்கு இப்போது 15 வயது. ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாலை வரியோடு 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் செலுத்த வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இதை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஏணிச் சட்டகமும் முன்னும் பின்னும் முழு அச்சும் கொண்ட இவ்வளவு சிறிய வண்டி வேறு எதுவும் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. 1,328 சிசி எஞ்சின் இதுவரை என்னை ஒருமுறைகூட நடுவழியில் நிறுத்தியதில்லை. என்னை உண்மையில் அச்சுறுத்தியது இதன் பிரேக் மட்டும்தான். ஆகவே இந்தப் பகிர்வில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

கோளாறு 2022இல் எனக்குத் தெரிய வந்தது; ஆனால் அது தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என்றே இப்போது நினைக்கிறேன். 2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில், கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டச் செம்மண் பாதைகளில் நல்ல மழையில் ஓட்டிவிட்டு வந்தேன். வெளிப்புறத்தை மட்டும் கழுவினேன். அந்த மாதமே எல்லை மூடப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் வண்டி சந்தைக்கும் மாமியார் வீட்டுக்குமாகச் சிறு ஓட்டங்களே ஓடியது. பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் உருளையான டிரம்களுக்குள் புகுந்த செம்மண் அங்கேயே காய்ந்து, ஈரக்காற்றில் இறுகி, துருவோடு ஒன்றாகக் கிடந்ததை அப்போது நான் அறியவில்லை.

எங்கள் புளோக்கின் பலமாடி கார்நிறுத்துமிடத்தில் ஆறாம் மாடியிலிருந்து இறங்கும்போது, முதல் வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிய பிறகே பிரேக் பிடிப்பதை ஒருநாள் காலை உணர்ந்தேன். உடனே இரண்டாம் முறை மிதித்தால் உயரத்திலேயே பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் தினமும் அதே பெடலை மிதிக்கிற காலுக்கு ஒரு விரற்கடை அளவு மாற்றம்கூடத் தெரியாமல் போகாது.

முதலில் போன பட்டறையில் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்ததுபோல் தோன்றியது, பிறகு பழையபடி ஆனது. இரண்டாவது பட்டறையில், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். அப்போதும் பெடல் கீழேயேதான் இருந்தது. இரண்டு இடத்திலும் டிரம்மைக் கழற்றவில்லை என்பதைப் பின்னர்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடையில் ஆண்டுப் பரிசோதனையிலும் வண்டி தேறிவிட்டது. அதில் எனக்கு வியப்பில்லை. உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி, பிரேக் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, இடமும் வலமும் சமமாகப் பிடிக்கிறதா என்று அளக்கிறார்கள். பெடல் எவ்வளவு ஆழம் போய் அந்த விசை பிறந்தது என்பதை அந்த எண்கள் சொல்லாது. சோதனையில் தேறிய தாளைக் காட்டி, பெடல் மென்மையாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

நிலவழி எல்லை 2022 ஏப்ரல் முதல் தேதி மீண்டும் திறந்தபின், செப்டம்பர் விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதையில், பாதி வழியில், பெடல் பஞ்சாகிவிட்டது. மிதிக்க மிதிக்க அமுங்கியதே தவிர, அடியில் ஒரு திடம் தென்படவில்லை. இரண்டாம் கியரில் எஞ்சினின் இழுப்பை வைத்து வேகத்தைக் குறைத்து, சாலையோரத்தில் நிறுத்தி, நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஆறிய பிறகு பெடல் ஓரளவு திரும்பி வந்தது. மீதி வழி முழுவதும் கீழ்க் கியரிலேயே இறங்கினேன். பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் எந்தக் கருவியும் இல்லாமல் எங்கள் கார்நிறுத்துமிடத்துக்கே வந்தார். பெடலை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, காலின் அழுத்தத்துக்குத் துணைசெய்யும் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் தீரும்வரை பெடலைப் பல முறை மிதிக்கச் சொன்னார். பிறகு அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார். பெடல் அப்படியே நின்றது. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருந்தால், எங்கேனும் வெளியே கசிவு இருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வளையத்தைத் தாண்டி ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவும். அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பியபோது பெடல் சிறிது தாழ்ந்தது. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். மாற்றிய மாஸ்டர் சிலிண்டர் புதியது என்பதால் இந்தச் சோதனை பழையதைப் பற்றி எதுவும் சொல்லாதுதான். ஆனால் மாற்றிய பிறகும் பெடல் ஏறவில்லை என்றால், காரணம் வேறெங்கோ இருந்திருக்கிறது.

அடுத்துச் செய்ததுதான் முடிச்சை அவிழ்த்தது. "ஹேண்ட்பிரேக்க நல்லா இழுத்துட்டு இப்ப மிதிப்பா," என்றார். பெடல் இரண்டு விரல் உயரம் மேலே ஏறிவந்து கல் போல நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது கயிறு, டிரம்மின் உட்புறத்தில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பின்சக்கர ஷூக்களை டிரம்மோடு ஒட்டவைத்துவிடுகிறது. அதனால் அந்த இடைவெளியை நிரப்ப ஆயில் தேவைப்படுவதில்லை. மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிப்பில் தள்ளும் ஆயில் மிகக் கொஞ்சம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே அரை மில்லிமீட்டர் கூடினாலும் பெடல் அந்தத் தூரத்தைச் சும்மா கடக்க வேண்டியிருக்கும். ஆயிலில் காற்று இருந்தால் பெடல் ஸ்பிரிங் போலத் துள்ளும். இடைவெளி கூடியிருந்தால் நீண்ட தூரம் வெறுமனே போய், அதன்பின் கடினமாகும். இரண்டையும் பெடல் கீழே போகிறது என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் மெக்கானிக்கும் நாமும் குழம்பிப்போகிறோம். என் வண்டியில் அன்றாடம் இருந்தது இரண்டாவது வகை. கேமரன் இறக்கத்தில் அதன் மேல் முதல் வகையும் வந்து சேர்ந்தது.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுத்தார். இடப்பக்கப் பின்டிரம் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. உள்ளே செங்கல் நிறத்தில் மண் அடை அடையாக ஒட்டியிருந்தது. ஷூ தேயத் தேயத் தானாகவே இடைவெளியைக் குறைக்க வேண்டிய பற்சக்கரக் கட்டை துருவில் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலும் அசையாமல் இருந்தது. டிரம்மின் உள்விளிம்பில் நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வரம்பு எழுந்திருந்தது. வலப்பக்கம் அவ்வளவு மோசமில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சித்தப்பா கயிற்றைப் பார்த்ததும் கண்டுபிடித்தார். பரிசோதனைக்கு முன்பு எவரோ ஹேண்ட்பிரேக் கயிற்றை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்கள். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, கடைசியில்தான் கயிற்றைத் தொட வேண்டும். கயிற்றை முதலில் முறுக்கினால் உள்ளே உள்ள நெம்புகோல் தன் ஓய்வுநிலைக்குத் திரும்பாது, தானியங்கிக் கட்டையும் ஒழுங்காக நகராது. மேலே ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிப்பதுபோல் இருக்கும், கீழே கால்பிரேக் நாளுக்கு நாள் தாழும். பழைய ஜீப் வகை வண்டி வாங்குகிறவர்கள் பெடல் தாழ்ந்திருந்தால் கயிற்றின் முறுக்கத்தையும் பார்க்குமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கயிற்றை முழுவதும் தளர்த்தி, கட்டைகளை மாற்றி, புதிய ஷூ போட்டு, டிரம்களைக் கடைந்து எடுத்து வந்தோம். உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரப்படுத்தித் துடைத்தே எடுத்தோம். பழைய பிரேக் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு ஆயில். நான் கடைசியாக முழுமையாக மாற்றியது 2018இல். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நம் ஊரின் புழுக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டளை, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155 பாகையாகிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, 140. கொதிக்கும்போது பிறக்கும் ஆவிக்குமிழ் பெடலின் அடியில் காற்றைப் போலவே அமுங்கும்; ஆறினால் மறைந்துவிடும். கேமரன் சாலையோரத்தில் நாற்பது நிமிடம் கழித்துப் பெடல் திரும்பியதன் காரணம் இதுதான். முதல் பட்டறையில் காற்று எடுத்தபோது சில மிதிப்பு ஆயிலைத்தான் வெளியேற்றியிருக்கிறார்கள். சக்கரங்களுக்கு அருகே கிடந்த பழைய ஆயில் அங்கேயே இருந்திருக்கிறது.

நாங்கள் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இடப் பின்சக்கரத்தில் தொடங்கி, வலப் பின், இட முன், வல முன் என்ற வரிசையில் தெளிந்த ஆயில் வரும்வரை எடுத்தோம். முதலில் வந்தது காப்பிக் கடையின் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் இருந்தது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தரைவரை மிதிபடாமல் தடுத்தார் சித்தப்பா. அன்றாடம் எட்டாத ஆழத்தில் சிலிண்டரின் உட்சுவரில் படிந்திருக்கும் அழுக்கும் துருவும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். வண்டி பழையதாக இருந்தால் இதைத் தவறாமல் செய்யுங்கள். திறந்து வைத்த பழைய புட்டியை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். பெயின்ட்டில் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே தண்ணீரில் கழுவுங்கள்.

அழுத்தி மிதித்த நிலையில் பெடலுக்கும் தரைவிரிப்புக்கும் இடையே முன்பு 5 சென்டிமீட்டர் இருந்தது. வேலை முடிந்தபின் 9 சென்டிமீட்டர். அந்த இரும்பு அளவுகோல் இன்றும் வண்டியிலேயே இருக்கிறது.

ஓர் ஆண்டு கழித்து வேறொரு குறை தலைகாட்டியது. மேடுபள்ளப் பாதையில் ஓட்டிவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்ததும் முதல் மிதிப்பு மட்டும் ஆழமாகப் போனது. இரண்டாவது சரியாக இருந்தது. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் தெரிந்தது. மனைவி பிரேக்கை மிதித்தபோது அந்த ஆட்டம் நின்றது. அப்படி நின்றால் குறை சக்கர பேரிங்கில். மிதித்த பின்னும் ஆடினால், சக்கரம் இடமும் வலமும் திரும்பத் தாங்கும் கிங்பின்னைப் பார்க்க வேண்டும். பேரிங் தளர்ந்திருந்தால் டிஸ்க் சற்றே சாய்ந்து பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அந்த இடைவெளியை அடுத்த மிதிப்பு நிரப்ப வேண்டியிருக்கும். பேரிங் மாற்றியதோடு அதுவும் தீர்ந்தது.

இப்போது ஆண்டுக்கொரு முறை முழு ஆயிலையும் மாற்றுகிறேன். ஜொகூர் மண்பாதைக்குப் போய் வந்தால் அந்த வாரமே டிரம்களைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். டயரை வண்டியோடு வந்த 205/70ஆர்15 அளவிலேயே வைத்திருக்கிறேன். பெரிய கனமான டயர் அழகுதான், ஆனால் இந்தச் சிறிய பிரேக் அதைச் சுமக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பராமரிப்புக்கு நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு இந்த வண்டியை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆண்டுக்கு ஒருமுறை பட்டறையில் விட்டு எடுத்தால் போதும் என்பவர்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

போன வாரம் டிரம்மைக் கழற்றியபோது ஷூவைத் தள்ளும் வலப் பின்சக்கர வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தது. சொட்டவில்லை, ஷூவிலும் படவில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் புதியது சொல்லி வைத்திருக்கிறேன். அவை வந்து சேரும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கும். பிள்ளைகளை நான் பேருந்தில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன்.